பத்து இலட்சம் தரம் ஓட்டினன், பிழையே வரல்ல!

சி மொழியில் த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்தில ஓடுற தனித்தனி வேலை ஓட்டம்) பற்றி இந்தக் கிழமை வந்த கேள்விகள். ஒரே பங்ஷனைப் பல த்ரெட் ஒரே நேரத்தில கூப்பிட்டால் விடை கெடுமா என்று எப்படிச் சோதிக்கிறது என்பதுதான் விசயம்.

ஏறாவூர்த் தம்பி: அண்ணே, நேரத்தை ஆண்டு, மாதம், நாள் என்று பிரிச்சுத் தாற லோக்கல்டைம் (localtime) பங்ஷனை லினக்ஸில எட்டுத் த்ரெட்டில பத்து இலட்சம் தரம் ஓட்டினன். ஒரு பிழையும் வரல்ல. அப்ப பயமில்லைதானே?

பிழை வந்தால் ஆபத்து என்று சொல்லலாம் தம்பி. வராட்டி ஒண்டும் சொல்லேலாது. உங்கட கோட்டைப் பார்த்தன். எட்டுப் பேரும் கேட்கிறது ஒரே நேரத்தை. ஒருத்தர் எழுதினதுக்கு மேல மற்றவர் எழுதினாலும் விடை மாறாதே! ஒருத்தருக்கு 1970, மற்றவருக்கு 2020 என்று குடுங்க.

அதைவிடச் சுகமான வழி, ரெண்டு த்ரெட்டுக்கும் திரும்பி வாற விடை மெமரியில இருக்கிற முகவரியை அச்சிட்டுப் பார்க்கிறது. லினக்ஸில வழமையா இருக்கிற சி லைப்ரரியான ஜிலிப்சியில (glibc) ஒரே முகவரிதான் வரும். ஒரே பெட்டி, எல்லாரும் அதுக்குள்ளதான் எழுதுறாங்க. விண்டோஸில மைக்ரோசொஃப்ட் லைப்ரரி த்ரெட்டுக்கு ஒரு பெட்டி வைக்கும், முகவரி வேற வேற. ஆனா ரெண்டு த்ரெட்டும் அந்த நேரம் உயிரோட இருக்கவேணும். ஒண்டு முடிஞ்ச பிறகு மற்றதைத் தொடங்கினா, காலியான இடமே அதுக்குக் கிடைச்சு உங்களை ஏமாத்தும்.

ஒலுவில் தங்கச்சி: சரத்தைச் சொல் சொல்லாப் பிரிக்கிற ஸ்ட்ர்டோக்குக்கு (strtok) இந்த முகவரிச் சோதனை சரிவராதே அண்ணா?

சரிவராது. அது திருப்பித் தாறது நீங்க குடுத்த சரத்துக்குள்ள இருக்கிற இடத்தை. எங்க விட்டோம் என்ற ஞாபகம்தான் உள்ளுக்குள்ள பொதுவா கிடக்கு. மோதலை நாமளே உண்டாக்கவேணும். முதல் த்ரெட் 'கல்லடி,ஏறாவூர்' என்பதைக் குடுத்து 'கல்லடி'யை எடுத்திட்டு நிற்கட்டும். ரெண்டாவது 'கல்முனை,அக்கரைப்பற்று' குடுத்து 'கல்முனை'யை எடுக்கட்டும். இப்ப முதலாவது, சரத்துக்குப் பதிலா நல் (NULL) குடுத்து அடுத்த சொல்லைக் கேட்டா லினக்ஸில 'அக்கரைப்பற்று' வரும்! விண்டோஸில 'ஏறாவூர்'. ஒரே ஓட்டம், அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. த்ரெட்டுகளை நிறுத்தி வைக்க, அதுக்கென்று இருக்கிற பித்ரெட் பேரியரை (pthread_barrier) நம்பாதீங்க, மெக்ஓஎஸ்ஸில அது இல்லை. மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில ஒரு த்ரெட்டை மட்டும் விடுற பூட்டு) கண்டிஷன் வேரியபிளும் (சைகை வரும்வரை த்ரெட்டைக் காக்க வைக்கிறது) எல்லா இடத்திலும் ஓடும்.

காத்தான்குடித் தம்பி: சுத்தி ஒரு மியூடெக்ஸ் போட்டா முடிஞ்சுதே?

பழைய கல்லடிப் பாலம் ஞாபகமா? ஒரு பக்க வாகனம் வந்து முடியும்வரை மற்றப் பக்கம் நிற்கும். எல்லாரும் நிண்டாத்தான் அது வேலை செய்யும். நீங்க சேர்த்த வேறொரு லைப்ரரி உள்ளுக்குள்ள லோக்கல்டைமைக் கூப்பிட்டா, அதுக்கு உங்கட பூட்டு தெரியாது. பூட்டைத் திறக்க முதல் விடையை நகலெடுக்கவும் வேணும். கனபேர் மறக்கிறது இதை.

அவரே: அப்ப என்ன பாவிக்கிற?

பங்ஷன் பேரின் கடைசியில ஆர் ஒட்டின வடிவம் (localtime_r, strtok_r). பெட்டியை நீங்களே குடுப்பீங்க. விண்டோஸில எஸ் ஒட்டினது (localtime_s, strtok_s). லோக்கல்டைமில கவனம்: மைக்ரோசொஃப்ட் வடிவத்தில பெட்டி முதல், நேரம் பிறகு. ஆர் வடிவத்தில மறுவளம்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி: த்ரெட் மோதலைக் கண்டுபிடிக்கிற த்ரெட்சானிடைசர் கருவி எல்லாத்தையும் பிடிக்குமா?

அதுக்குரிய கம்பைலர் கொடி போட்டுக் கம்பைல் பண்ணின கோட்டைத்தான் அது முழுசாப் பார்க்கும். சாதாரணமா 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். ஆனாலும் ஓட்டுங்க.

கல்முனைத் தம்பி: லினக்ஸ் என்றா ஒரே விடைதானே?

இல்லையே. பிழை எண்ணுக்கு விளக்கம் தாற ஸ்ட்ர்எரர் (strerror) த்ரெட்டுக்குப் பாதுகாப்பானது 2020இல் வந்த ஜிலிப்சி 2.32இல். அல்பைன் லினக்ஸில இருக்கிறது ஜிலிப்சியே இல்லை, மசல் (musl) என்ற வேற சி லைப்ரரி. சோதனை முடிவுக்குப் பக்கத்தில லைப்ரரியின் பேரையும் பதிப்பையும் எழுதுங்க. பங்ஷனின் மேன் பக்கத்தில (லினக்ஸ் கையேடு) 'எம்டி-சேஃப்' (MT-Safe, த்ரெட்டுக்குப் பாதுகாப்பானது) என்று போட்டிருக்கா என்றும் பாருங்க.

அவரே: சூழல் மாறியை (environment variable) மாத்துற செட்என்வ் (setenv)?

மெயினில, த்ரெட் தொடங்க முதல். பிறகு தொடாதீங்க.