வாடகை வீட்டுப் புல்லுக்கு எந்த மெஷின்?

தம்பி, சிட்னியில் பெண்டில் ஹில்லில் வீடு எடுத்திருக்கிறீர்கள், முன்னும் பின்னும் புல், ஏஜென்ட் வந்து பார்க்கமுதல் வெட்டவேணும், பெற்றோல் மெஷின் வாங்குவதா பற்றரி மெஷின் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கோ. நியூ சவுத் வேல்ஸில் தனி வீடு எடுத்தால் புல் வெட்டுவது பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்புத்தான். ஆனால் சில வீட்டுக்காரர் தாங்களே ஆள் பிடித்து வெட்டுவிப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் உங்களுக்கு மெஷினே தேவையில்லை.

நீங்கள்தான் வெட்டவேணும் என்றால், கடைக்குப் போகமுதல் முற்றத்தில் என்ன புல் நிற்கிறது என்று பாருங்கோ. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் அதிகம் காண்பது கிக்கூயு, பஃபலோ, கூச் என்ற மூன்றும்தான். பஃபலோவின் இலை அகலம், கொஞ்சம் நிழலையும் தாங்கும். அதை ஒட்ட வெட்டினால் பச்சை போய் மண்ணிறத் தண்டுதான் மிஞ்சும், நாலு ஐந்து சென்டிமீற்றர் விட்டு வெட்டவேணும். கூச் மெல்லிய இலை, 2 சென்டிமீற்றர் வரைக்கும் இறக்கலாம். கிக்கூயு கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து வந்த முரட்டுச் சாதி. வேலிக்குக் கீழால் பக்கத்து வளவுக்கும் போகும், பூப்பாத்திக்குள்ளும் ஏறும். கோடை மழைக்கு இரண்டு கிழமை கவனிக்காமல் விட்டால் கணுக்கால் மறைந்துவிடும். வாடகை வீடுகளில் நான் கூடுதலாகப் பார்ப்பது கிக்கூயுவும் களையும் கலந்த காடுதான், உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் புல்லுக்குக் கையால் தள்ளும் உருளை மெஷின் சரிவராது. ஒவ்வொரு மூன்று நாளும் வெட்டுகிற பொறுமை இருந்தால்தான் அது. வயர் இழுத்துக்கொண்டு வெட்டும் கரண்ட் மெஷினையும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன், மரத்தைச் சுற்றும்போது வயர் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

மிஞ்சுவது நீங்கள் கேட்ட இரண்டும். பற்றரி மெஷினில் சத்தம் குறைவு, புகை இல்லை, பொத்தானை அழுத்தினால் ஓடும். ஒழுங்காகக் கிழமைக்கு ஒருக்கால் வெட்டுபவருக்கு அது போதும். நனைந்த, உயர்ந்த கிக்கூயுவுக்குள் இறக்கினால் மோட்டர் திணறும், பற்றரியும் பாதியில் இறங்கும். வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ. வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பாருங்கோ, பற்றரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று தெரியும்: 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 72 வாட் மணி, 36 வோல்ட், 5 என்றால் 180. கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெஷினுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும். ஒரே கம்பனியின் 18 வோல்ட் பற்றரி அதன் 36 வோல்ட் மெஷினுக்குப் பொருந்தாமலும் போகலாம், கேட்டு வாங்குங்கோ.

ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். அடுத்த வருடம் யூனிட்டுக்கு, அதாவது அடுக்குமாடி வீட்டுக்கு, மாறினால் மெஷினை வைக்கவும் இடம் இராது. ஆகவே என்னைக் கேட்டால், பாவித்த நாலு ஸ்ட்ரோக் பெற்றோல் மெஷின் ஒன்று, 18 அங்குல வெட்டு, அதாவது 46 சென்டிமீற்றர். புதியதின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், போகும்போது விற்றும்விடலாம். பார்க்கப் போகமுதல் விற்பவரிடம் “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதேங்கோ” என்று சொல்லுங்கோ. குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று இழுவையில் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை, சூடாக்கி வைத்த எஞ்சின் எதுவும் பிடிக்கும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது, விட்டுவிடுங்கோ. சில்லு ஆடுகிறதா, அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததா என்றும் பாருங்கோ. அலகு மழுங்கியிருந்தால் பயப்படவேண்டாம். இங்கத்தைய மெஷின்களில் கூடுதலாக வட்டத் தட்டில் பூட்டிய சின்ன அலகுகள்தான், கல்லில் பட்டால் பின்னுக்கு மடங்கிக்கொள்ளும், புதிது மாற்ற அதிகம் செலவில்லை. மெஷினைச் சரிக்கும்போது ஸ்பார்க் பிளக் மேலே வரும்படி சரியுங்கோ, இல்லாவிட்டால் ஒயில் எயார் ஃபில்டருக்குள் இறங்கும். பழைய பெற்றோலை மாதக்கணக்கில் தாங்கிக்குள் விடவும் கூடாது.

யாராவது பழைய விக்டா இரண்டு ஸ்ட்ரோக் ஒன்றைச் சும்மா தந்தால் வாங்கலாம், ஆனால் பெற்றோலோடு ஒயில் கலக்கப் பழகவேணும். 1952இல் மேர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் இதே சிட்னியில், கொன்கோர்டில், பீச் பழத் தகரத்தைப் பெற்றோல் தாங்கியாக வைத்துச் செய்த மெஷினில் இருந்து வந்த பெயர் அது. 2000 ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல் வெட்டும் மெஷினை மைதானத்தில் இறக்கிக் காட்டிய ஊர் இது. ஞாயிறு காலை தெருவெல்லாம் கேட்கும் இரைச்சலை இவர்கள் தொல்லையாக நினைப்பதில்லை. ஆனால் நேரக் கணக்கு இருக்கிறது: ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 8 மணிக்கு முன்னும், மற்ற நாட்களில் 7 மணிக்கு முன்னும், எந்த நாளும் இரவு 8 மணிக்குப் பின்னும் பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கும்படி ஓட்டக்கூடாது.

வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் உள்ள புல் துண்டு, நேச்சர் ஸ்ட்ரிப் என்பார்கள், அது கவுன்சிலுடைய நிலம். வெட்டுவது நீங்கள்தான். அங்கே கல், போத்தல் மூடி எல்லாம் கிடக்கும், பொறுக்கிவிட்டு ஓட்டுங்கோ. சப்பாத்துப் போடாமல் இறங்கவேண்டாம். வசந்தத்தில் பின்டி என்று ஒரு முள் காய்க்கும், எங்கட நெருஞ்சி மாதிரிக் காலில் குத்தும்.

முதல் வெட்டுக்கு உயரத்தை ஆக மேலே வைத்து ஒருக்கால் ஓட்டுங்கோ. சில நாள் விட்டு இரண்டாம் தரம் இறக்குங்கோ. ஒரேயடியாக மொட்டையடித்தால் புல் மஞ்சளாகும், அந்த இடைவெளிக்குள் களை வரும்.

மிச்சக் காசில் ஒரு விப்பர் ஸ்னிப்பர், அதாவது சுழலும் நைலோன் நூலால் ஓரப் புல் வெட்டும் கருவி, வாங்குங்கோ, அதற்கு 18 வோல்ட் பற்றரி தாராளம். ஏஜென்ட் புல்லின் உயரத்தை அளந்து பார்ப்பதில்லை. நடைபாதை ஓரமும் வேலி அடியும் தபால் பெட்டிக் காலும் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் படம் எடுப்பார்கள்.