அக்குளில் நெறி இல்லையே, பிறகு ஏன் முதலில் கீமோ?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் 2.6 செ.மீ. கட்டி, பயாப்சியில் டிரிப்பிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் இல்லாத, ஹெர்-2 புரதமும் மிகாத வகை). ஸ்கேனில் அக்குளில் நெறி (வீங்கிய நிணநீர் முடிச்சு) எதுவும் இல்லை. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வேண்டும் என்கிறார்கள். சித்திக்கு (அம்மாவின் தங்கை) ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோன் ஏற்பிகள் உள்ள வகை. 2 நெறிகளில் பரவியிருந்தும் நேராக ஆபரேஷன்தான் செய்தார்கள். பரவாத அம்மாவுக்கு ஏன் இந்தக் கடுமை?

பதில்: நெறி இல்லாதது நல்ல செய்திதான். ஆனால் அதன் மதிப்பு வகைக்கு வகை மாறும். ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் கட்டி வளர வளர நெறியில் பரவும் வாய்ப்பும் ஓரளவு சீராக ஏறும். டிரிப்பிள் நெகட்டிவில் இந்தத் தொடர்பு தளர்ந்தது. கட்டி பெரிதாக இருந்தும் நெறி சுத்தமாக இருக்கலாம், அதே சமயம் நோய் ரத்தம் வழியாக நுரையீரலுக்கோ மூளைக்கோ போகலாம். மீண்டும் வந்தால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் வரும்; 5 ஆண்டு தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும். சித்தியின் வகை நேர்மாறு: மெதுவாக நகரும், எலும்பை நாடும், 10 ஆண்டு கழித்தும் தலைதூக்கும். அவர் ஹார்மோன் மாத்திரையை இடையில் நிறுத்தக் கூடாது என்பது அதனால்தான்.

ஹெர்-2 பாசிட்டிவ் வகை, அதாவது ஹெர்-2 புரதம் மிகுந்த வகை, நெறியை அதிகம் பிடிக்கும். ஆனால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து சேர்ந்த சிகிச்சையில் அந்த நெறிகள் பலருக்கு முழுதாகச் சுத்தமாகிவிடும். ஹார்மோன் பாசிட்டிவ் நெறி கீமோவுக்கு அவ்வளவு இளகாது. மாதவிடாய் நின்றவருக்கு 1 முதல் 3 நெறிகள் பாதிக்கப்பட்டிருந்தாலும், கட்டித் திசுவில் செய்யும் 21 மரபணுப் பரிசோதனையின் மதிப்பெண் 25-க்குள் இருந்தால் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. சித்திக்கு முதலில் ஆபரேஷன் செய்ததில் வியப்பில்லை.

அம்மாவுக்கு 2 செ.மீ.க்கு மேல் டிரிப்பிள் நெகட்டிவ் என்பதால் கீமோ முதலில் என்பது சரியான முடிவு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆபரேஷனில் எடுத்த திசுவில் புற்றணு மிச்சமிருந்தால் கேபசிட்டபின் மாத்திரை போன்ற கூடுதல் சிகிச்சை தரலாம். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வழியே இல்லை.

கீமோ தொடங்கும் முன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள்) இரண்டும் 1%-க்குக் கீழே இருக்க வேண்டும். ஹெர்-2 '0' அல்லது '1+' என்றால் நெகட்டிவ். '2+' என்றிருந்தால் ஃபிஷ் பரிசோதனை (ஹெர்-2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்ப்பது) முடியாமல் டிரிப்பிள் நெகட்டிவ் என்று சொல்லவே முடியாது. திசுவை ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைவாக ஊறவைத்தால் இந்த எண்களே பிசகும். சந்தேகம் இருந்தால் அதே பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) வாங்கி வேறு லேபில் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்தது கிளிப். கட்டிக்குள் சின்ன உலோகக் குறியை ஊசி வழியாக வைப்பார்கள். இதைத் தவறவிட்டால் பின்னால் திண்டாட்டம்: கீமோவில் கட்டி மறைந்துபோனால், எந்த இடத்தை வெட்டுவது என்று சர்ஜனுக்கே தெரியாது. 'கிளிப் வைத்தாயிற்றா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அக்குள் ஸ்கேனில் நெறியின் புறணி (வெளி அடுக்கு) 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி மறைந்திருந்தாலோ ஊசி வைத்துச் சோதிக்க வேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் ஆபரேஷன் அன்று சென்டினல் நெறிகளை, அதாவது கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை, சாயமிட்டு எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் சிக்காத சிறு பரவல் இருக்கலாம் அல்லவா. அவை சுத்தமென்றால் அக்குளை முழுதாகத் துழாவத் தேவையில்லை. கைவீக்கத் தொல்லையும் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்று: அக்கா, தங்கை இருவருக்கும் மார்பகப் புற்று, அதில் ஒன்று டிரிப்பிள் நெகட்டிவ். பி.ஆர்.சி.ஏ. (பரம்பரையாக மார்பகப் புற்று வரக் காரணமாகும் மரபணுக்கள்) பரிசோதனைக்கு இதுவே போதுமான காரணம். முதலில் அம்மாவின் ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், உங்களுடையதில் அல்ல. கீமோ நடக்கும்போதே கொடுத்துவிட்டால், மார்பு முழுவதையும் எடுப்பதா, கட்டியை மட்டுமா என்று முடிவெடுக்கும் நேரத்துக்கு ரிப்போர்ட் வந்துவிடும். அம்மாவுக்கு அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் உங்களுக்கும் இருக்க 50% வாய்ப்பு. அப்போது உங்கள் ரத்தத்தில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு.