பெயரைச் சொல்லாமல் ஏசுவது

கேள்வி: அமெரிக்கத் தேர்தல்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ரீகன் 'மாநில உரிமை' என்று பேசியதையும், ஒரு செனட்டர் கமலா ஹாரிஸின் பெயரைத் தப்பாக உச்சரித்ததையும் இனவெறிக் கணக்கில் எழுதியிருந்தீர்கள். மாநில உரிமை கேட்ட நம் அண்ணாவும் இனவெறியரா? வாயில் வராத வார்த்தைக்கெல்லாம் தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அண்ணா வரைக்கும் போய்விட்டீர்கள். சரி, அங்கிருந்தே வருகிறேன்.

தமிழ்நாட்டில் மாநில உரிமை என்றால் நம் காதில் விழுவது நிதிப் பங்கீடு, ஆளுநர், மொழி. 1969இல் அமைந்த ராஜமன்னார் குழு அலசியதும் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் உள்ள அதிகாரப் பங்கைத்தான். அதே இரண்டு சொற்கள் அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியில் எப்படிக் கேட்கும் என்பதற்கு அந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1948இல் 'மாநில உரிமை ஜனநாயகக் கட்சி' என்று ஒன்று அங்கே முளைத்தது. கறுப்பர்களுக்குச் சம உரிமை என்று அதிபர் ட்ரூமன் பேச ஆரம்பித்ததும் அவருடைய ஜனநாயகக் கட்சியை விட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களின் கட்சி. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்று கொள்கை அறிக்கையிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர்களின் வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்ட். மிசிசிப்பி உட்பட 4 மாநிலங்களை அந்தக் கட்சி வென்றது.

அப்புறம் 1964 ஜூன் 21. கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலைக்காக வந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரையும் மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) போலீஸ் பிடித்தது. இரவில் விடுவித்தார்கள். விடுவித்த கையோடு, போலீஸ் துணையோடு வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று துரத்திப் பிடித்துச் சுட்டு, ஒரு மண் அணைக்கு அடியில் புதைத்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தோண்டி எடுத்தது. மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசுதான் 'சிவில் உரிமைகளைப் பறிக்கச் சதி' என்ற பிரிவைத் தேடிப் பிடித்து, 1967இல் 18 பேரைக் கூண்டில் ஏற்றியது. 7 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதில் ஒருவர் கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீஃபின் துணை அதிகாரி. யாரும் 6 ஆண்டுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. மாநில அரசு தன் பங்குக்கு ஒருவரையாவது தண்டித்தது 2005இல். அதற்குள் அந்த ஆளுக்கு வயது 80.

இந்த நெஷோபா கவுண்டியின் பொருட்காட்சி மேடையில்தான், 1980 ஆகஸ்ட் 3 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ரீகன் 'மாநில உரிமையில் எனக்கு நம்பிக்கை உண்டு' என்றார். உடல்களைத் தோண்டி எடுத்து 16 ஆண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. பேச்சில் பெரும்பகுதி பொருளாதாரமும் நகைச்சுவையும்தான். அந்த ஒரு வாக்கியம் வந்தது, போனது. கொலையான மூவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் கறுப்பர்களின் அமைப்பான அர்பன் லீக் கூட்டத்திலும் போய்ப் பேசினார். உள்நாட்டுப் போரில் தோற்ற ஊரில், எஃப்.பி.ஐ. வந்து அணையைத் தோண்டிய ஊரில், மாநில உரிமை என்றால் 'எங்கள் விவகாரத்தில் வாஷிங்டன்காரனுக்கு என்ன வேலை' என்றுதான் பொருள். அண்ணாவின் அரசியலையும் இதையும் நீங்கள் ஒரே தராசில் போடுவது அண்ணாவுக்குத்தான் அநியாயம்.

மாமியார் பூனையைத் திட்டினால் மருமகளுக்கு விளங்கும். பஞ்சாயத்தில் கேட்டால் 'நான் பூனையைத்தானே சொன்னேன்' என்பார். இந்த ஜாடைப் பேச்சின் முழுப் பயனும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

நானாகக் கற்பனை செய்கிறேன் என்கிறீர்கள். தொழில்காரரே சொன்னதைக் கேளுங்கள். லீ அட்வாட்டர், ரீகனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த தேர்தல் வியூகக்காரர். 1981இல் ஓர் அரசியல் பேராசிரியரிடம், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையில் பேசினார். 1954இல் கறுப்பரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை அப்படியே சொல்லலாம். 1968இல் சொன்னால் நமக்கே கெடுதல். அதனால் பள்ளிப் பேருந்து (கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்தில் அனுப்பும் ஏற்பாடு), மாநில உரிமை என்று பேச ஆரம்பித்தோம். இப்போது இன்னும் மழுப்பலாக வரிக்குறைப்பு என்கிறோம், எல்லாம் பொருளாதாரம், அதில் வெள்ளையரைவிடக் கறுப்பர் அதிகம் அடிபடுவது ஒரு பக்கவிளைவு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 2012இல் அந்த ஒலிப்பதிவு முழுதாக வெளிவந்துவிட்டது. நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இவ்வளவு மழுப்பலாகிவிட்டதென்றால் இனப் பிரச்சினையே தேய்கிறது என்றுதான் அட்வாட்டர் அன்று வாதாடினார்.

தேய்ந்த லட்சணத்தை ஏழே ஆண்டில் அவரே காட்டினார். 1988 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரான மூத்த புஷ்ஷின் பிரசாரத் தலைவர் அவர். எதிரே ஜனநாயகக் கட்சியின் மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸ். அந்த மாநிலத்தில் கைதிகளுக்கு வாரக்கடைசி விடுப்பு கொடுக்கும் திட்டம் இருந்தது. அதைக் கொண்டுவந்ததே 1972இல் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர். கொலைக் கைதி ஹார்டன் விடுப்பில் போய்த் திரும்பாமல், மேரிலாந்தில் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார். குற்றம் கொடியது, அதில் சந்தேகமே இல்லை. அந்தத் திட்டத்தை டுகாகிஸ் தாங்கிப் பிடித்ததைக் கேள்வி கேட்கவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் புஷ் ஆதரவுக் குழு ஒன்று எடுத்த விளம்பரத்தில் திட்டத்தின் வரலாறு எதுவும் இல்லை. கலைந்த தலையோடு ஒரு கறுப்பு முகம் திரையில் நின்றது. அந்த ஆள் பெயர் வில்லியம். 'வில்லி' ஆக்கியது பிரசாரம்.

ஆரம்பத்தில் அது குற்றத் தடுப்பு பற்றிய விளம்பரமாகத்தான் பேசப்பட்டது. அக்டோபரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் 'இது இனவெறி' என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகு அதன் வேகம் குறைந்ததாக டாலி மெண்டல்பெர்க் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். ஜாடை புரிந்துவிட்டதென்று நாலு பேர் முன்னால் சொன்னதும், கேட்டவர்களுக்கே கூச்சம் வந்துவிடுகிறதாம். கட்டுரை எழுதுவதற்கு எனக்கு இந்தக் காரணம் போதும்.

சொல்கிறவருக்கு நல்ல பெயர் கிடைக்குமா என்றால், அது வேறு. நெஷோபா பேச்சில் ஜாடை இருக்கிறதென்று 1980 செப்டம்பரில், அப்போது அதிபராகவும் ரீகனின் எதிர் வேட்பாளராகவும் இருந்த கார்ட்டர் சுட்டிக்காட்டினார். 'அதிபர் கீழ்த்தரமாக இறங்கிவிட்டார்' என்று பத்திரிகைகள் அவரைத்தான் சாடின. கார்ட்டரும் புனிதர் இல்லை. 1976இல் குடியிருப்புகளின் 'இனத் தூய்மை' பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்டவர்.

அட்வாட்டர் 1991இல், மூளைக் கட்டியால் சாகும் தறுவாயில், டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார். ஹார்டனை டுகாகிஸின் துணை வேட்பாளர் ஆக்கிக்காட்டுகிறேன் என்று தான் சொன்னதற்கு ஏன் வருந்தினார் தெரியுமா? அது தன்னை இனவெறியனாகக் காட்டுகிறதாம், தான் அப்படி இல்லையாம்.

சட்டம் ஒழுங்கு, வரிக்குறைப்பு என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த ரகமா? இல்லை. எந்த ஊரில், யார் முன்னால், எந்த முகத்தைக் காட்டி என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல நேரம் முடிவு செய்ய முடியாமலும் போகும்.

கடைசியாக, உங்கள் பக்கத்து ஊரான துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸின் பெயர். 2020 அக்டோபரில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், ட்ரம்ப் வருவதற்கு முன் மேடையேறிய குடியரசுக் கட்சி செனட்டர் டேவிட் பெர்டியூ, 'கமலா, கமாலா, கமலா-மலா-மலா, என்னவோ ஒன்று' என்று இழுத்தார். அவரும் கமலாவும் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஒரே செனட்டில் இருந்தவர்கள். உச்சரிப்புப் பிழை, கெட்ட எண்ணம் இல்லை என்றது அவர் தரப்பு. 2021 ஜனவரியில் அவர் பதவியை இழந்தார். இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காணொளி இணையத்தில் இருக்கிறது. கூட்டம் சிரிப்பது நன்றாகக் கேட்கும். உச்சரிப்புப் பிழைக்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா என்று கேட்டுப் பார்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.