அவர் பெயரில் கதை எழுதிக் கொடுக்கலாமா?

வணக்கம். ஓய்வுபெற்ற தொழிலதிபர் ஒருவரின் தன்வரலாற்றை வாய்ப்பேச்சை நம்பி எழுதிக் கொடுத்தீர்கள், பாதிப் பணம் பாக்கி. இப்போது தன் பெயரில் போட்டிக்கு அனுப்ப ஒரு சிறுகதைத் தொகுப்பும் கேட்கிறார். சரியா என்கிறீர்கள்.

தன்வரலாற்றில் உறுத்தல் தேவையில்லை. வாழ்க்கை அவருடையது, வாசகர் வாங்குவதும் அதைத்தான். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் தன்வரலாறு 2009இல் வந்தது. எழுத உதவிய ஜே. ஆர். மோரிங்கர் அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்றார்; அகாசியோ நன்றியுரையில் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நீங்களும் நன்றியுரையில் ஒரு வரி கேளுங்கள், தப்பே இல்லை.

சிறுகதை வேறு சமாச்சாரம். நடுவர்கள் எடைபோடுவதே எழுத்தைத்தான். அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று அனுப்புவது பச்சைப் பொய். சொந்தமாக எழுதி அனுப்பிய இன்னொருவரின் வாய்ப்பும் போகிறது. நானாக இருந்தால் மறுத்துவிடுவேன். அவரே எழுதட்டும், வேண்டுமானால் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பாக்கி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை எழுதியவருக்கே. அதை மாற்றித் தர எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். உரிமையை விற்ற பிறகும் ‘எழுதியது நான்’ என்று கோர 57ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கேட்கும்போது இதை மிரட்டலாக இல்லாமல் நினைவூட்டுங்கள். தொகை வந்த பிறகே உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து.