கிழித்த தாளில் என்ன இருந்தது?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு மலருக்கு 'எங்கள் வீட்டுத் தரை' என்று கட்டுரை கேட்டார்கள். முதலில் அவளே ஒரு பக்கம் எழுதினாள். ஏகப்பட்ட பிழை, கிழித்துப் போட்டுவிட்டு, போனில் ஏஐயிடம் கேட்டு வாங்கிப் பார்த்து எழுத வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். ஆனால் பரீட்சையில் சொந்தமாக நாலு வரி எழுத முடியாமல் விழிக்கிறாள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். எழுத்தை வளர்க்க இலவசமாக எந்த ஆப் நல்லது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆப் பெயரை அப்புறம் சொல்கிறேன் ஆச்சி. 'கிழித்துப் போட்டுவிட்டு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அவளுக்கு நாலு வரி வராததற்குக் காரணம் அந்தக் குப்பைக்கூடையில் கிடக்கிறது. தானாக எழுதினால் அம்மா கிழிப்பாள், பார்த்து எழுதினால் மெச்சுவாள் என்று பிள்ளைக்கு நீங்களே பாடம் நடத்தியாயிற்று. அவளும் ஒழுங்காகப் படித்துக்கொண்டாள்.

நன்றாக வந்திருப்பதாகச் சொல்லும் கட்டுரையையும் படித்தேன். மூன்றாவது பத்தியில் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் 'சூளையில் சுட்டு எடுப்பார்கள்' என்று இருக்கிறது. எந்தச் சூளை? கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கலந்த சாயத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. நெருப்புக்கே வேலை இல்லை. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வீட்டில் அப்பத்தா இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏஐ தெரியாததையும் தெரிந்ததுபோலவே எழுதும், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல். அந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. அரை மணி நேரம் தாளும் பேனாவும் மட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு கணினியில் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல் தட்டச்சை எடுத்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுதியதை அவளே உரக்கப் படிக்கட்டும். எழுத்து தானாக விழும். முற்றுப்புள்ளியை மட்டும் கையால்தான் வைக்க வேண்டும். அதுவும் நல்லதுதான், வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவள் யோசித்தாக வேண்டும். வாசிக்கும்போது மூச்சு முட்டினால் வாக்கியம் நீளம். 'ழ'வை 'ள' என்று உச்சரித்தால் வேறு சொல் வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

அடுத்து, நீச்சல்காரன் என்ற கணினித் தமிழ் ஆர்வலர் உருவாக்கிய இரண்டு தளங்கள்: எழுத்துப்பிழைக்கு 'வாணி', சந்திப்பிழைக்கு 'நாவி'. இரண்டும் இலவசம். ஒரு பத்தியாக ஒட்டிப் பாருங்கள், மொத்தமாகக் கொட்டினால் பிள்ளை மலைத்துப்போவாள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியதை ஒட்டாதீர்கள். யூனிகோடாக இல்லாவிட்டால் எல்லாம் குப்பையாகத் தெரியும்.

கருவி காட்டுவதெல்லாம் பிழையும் அல்ல, காட்டாததெல்லாம் சரியும் அல்ல. வளவு, பட்டாலை என்று நம் வீட்டுச் சொற்களைப் பிழையென்று காட்டினால் அப்படியே விடுங்கள். 'பூவின் மணம்' என்பதற்குப் 'பூவின் மனம்' என்று எழுதினால் எழுத்துத் திருத்தி பேசாமல் போய்விடக்கூடும், இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்தானே. 'குன்றக்குடிக்குப் போய் வேலை கேட்டான்' என்றால் பிழைப்புக்கு வழி கேட்டான். நடுவில் 'க்' போட்டு 'வேலைக் கேட்டான்' என்றால் முருகன் கையில் இருப்பதையே கேட்டுவிட்டான்! எது வேண்டும் என்பது எழுதியவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். அவளால் சொல்ல முடியாததை ஏற்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு. டாக்ஸில் 'பகிர்' என்பதை அழுத்தி, உங்கள் பெயருக்கு எதிரே 'கருத்துரைப்பவர்' என்ற அனுமதியை மட்டும் அவள் கொடுக்கட்டும். ஓரத்தில் குறிப்பு எழுதலாம், எழுத்தில் கை வைக்க முடியாது. 'பதிப்பு வரலாறு' என்ற பகுதியில் முதல் வரைவுக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்தால் அப்படியே இருக்கும். யாரும் கிழிக்க முடியாது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே அனுமதியை அவள் அப்பாவுக்கும் கொடுக்கட்டும். பணம் அனுப்புவதோடு தகப்பன் வேலை தீர்ந்துவிடுகிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாரம் ஒரு பக்கம் படித்து இரண்டு குறிப்பு எழுத அவரால் முடியும்: ஒன்று பிடித்த வரி, ஒன்று புரியாத வரி. பிழை பார்க்கும் வேலை அவருக்கு வேண்டாம்.

முதல் பக்கமாக, கிழித்த அந்தக் கட்டுரையையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்னால் 'கிழித்தது தப்பு' என்று சொல்லிவிடுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் அதைச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. அப்பாவோடு அதைப் பற்றிப் பேசவும் நேரம் உண்டு. சிங்கப்பூரில் இரவு எட்டு என்றால் இங்கே மாலை ஐந்தரை, அவள் பள்ளி விட்டு வந்து காபி குடிக்கிற நேரம்.