கெட்டுப்போகும் பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சிபாரிசு செய்திருந்தீர்களே என்று ‘மில்லியன்ஸ்’ படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். மகளுக்கு ஏழு வயது. புனிதர்கள் வந்து பேசும் காட்சிகளையெல்லாம் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயது மகன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “அண்ணன் சொன்னதுதானே சரி? தம்பி லூசு மாதிரி கண்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறான், கடைசியில் மிச்சத்தைக் கொளுத்துகிறான். அவன் நல்லவனா?” என்று கேட்கிறான். எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். பணத்தைக் கொளுத்துவதை நல்ல காரியமாகக் குழந்தைகளுக்குக் காட்டலாமா? முதல் நாளே போலீசில் கொடுத்திருந்தால் கதையே இல்லையே! அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் மகன் கட்சியில் நானும் பாதி இருக்கிறேன். அந்தப் படத்தில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அண்ணன் ஆந்தனிதான். அவனை வில்லனாக்கிவிட்டுத் தம்பியைக் கொண்டாடுகிற படமாக இருந்திருந்தால் நான் சிபாரிசே செய்திருக்க மாட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வந்த படம், இயக்கம் டேனி பாயில், எழுதியவர் ஃபிராங்க் காட்ரெல் பாய்ஸ். இங்கிலாந்தின் வடமேற்கில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு, தாயை இழந்த இரண்டு பையன்கள் அப்பாவோடு குடிவருகிறார்கள். சின்னவன் டேமியனின் கண்ணுக்குக் கிறிஸ்தவப் புனிதர்கள் தெரிவார்கள், அவர்களோடு பேசுவான். அவன் ரயில் பாதை ஓரமாக அட்டைப்பெட்டிகளை அடுக்கி வீடு கட்டி விளையாடுகிறான். ரயில் போகிற அதிர்வில் பெட்டிகள் ஆடுகின்றன, எங்கிருந்தோ ஒரு பை வந்து வீட்டின் மேல் விழுகிறது. உள்ளே கட்டுக்கட்டாகப் பவுண்டு நோட்டு. இவ்வளவு பணம் கடவுளிடம்தான் இருக்கும், அவர்தான் அனுப்பியிருக்கிறார் என்பது டேமியனின் முடிவு. அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் வரி போய்விடும் என்பது ஆந்தனியின் முடிவு. இதில் ஒரு முடிச்சு: படத்தில் பிரிட்டன் யூரோவுக்கு மாறப்போகிறது. இன்னும் சில நாளில் பவுண்டு வெறும் காகிதம்.

இந்த முடிச்சு நிஜத்தில் நடக்காத ஒன்று. 2002 ஜனவரி 1 அன்று பன்னிரண்டு நாடுகள் யூரோ நோட்டைக் கையில் எடுத்தபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. 2003 ஜூனில் நிதியமைச்சர் கார்டன் பிரவுன், யூரோவுக்கு மாற இன்னும் நேரம் வரவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார். பேங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட பழைய நோட்டு, புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு எத்தனை காலமானாலும் அந்த வங்கி அதை மாற்றிக் கொடுக்கும் என்பதுதான் அங்குள்ள நடைமுறை. ஆகவே “கடைசி நாள்” என்பது முழுக்க எழுத்தாளர் வைத்த பொறி. ஆனால் எப்பேர்ப்பட்ட பொறி என்று பாருங்கள்!

பெரியவர்களான நம் கையில் எதிர்பாராமல் ஒரு தொகை வந்தால் என்ன செய்வோம்? “இப்போதைக்கு பேங்கில் கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” செலவழித்தால் ஊதாரி, கொடுத்தால் ஏமாளி, போட்டு வைத்தால் புத்திசாலி. போட்டு வைக்கும்போது நாம் எந்த முடிவும் எடுத்தாக வேண்டியதில்லை, அதுதான் அதிலுள்ள சுகம். அந்தக் கதவை இந்தப் படம் இழுத்துச் சாத்திவிடுகிறது. பணம் பால் மாதிரி கெட்டுப்போகும் என்றால் சேமிப்பு என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. ஒன்று அனுபவி, அல்லது கொடு. இரண்டையும் இரண்டு பையன்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார் எழுத்தாளர்.

கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இத்தனை வேடிக்கையாகக் காட்டிய இன்னொரு குழந்தைப் படத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சபையின் முழுப்பெயரிலேயே ‘புனிதர்கள்’ என்ற சொல் உண்டு. டேமியனுக்கு அது போதாதா? ராத்திரியோடு ராத்திரியாகக் கதவிலுள்ள கடிதத் துவாரத்தின் வழியே நோட்டுகளைத் திணிக்கிறான். எளிய வாழ்வு வாழ்கிறவர்கள் அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள்? வீட்டுக்கு வேண்டிய மின்சாதனங்களாக வாங்கிக் குவித்தார்கள். டேமியன் வீடற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் பீட்சா வாங்கித் தருகிறான், தகவல் பரவிக் கூட்டம் சேர்கிறது. பள்ளிக்கு உண்டியலோடு வந்த பெண்மணியிடம் கண்ணை மூடிக்கொண்டு பெரிய தொகையைப் போடுகிறான், அங்கேதான் பூதம் கிளம்புகிறது. ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. உங்கள் மகன் சொல்வதும் அதைத்தான். அந்த வரை அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

பணத்தைத் தேடி ஒருவன் ரயில் பாதைக்கு வருகிறான். மிரட்டுகிற முகம். பணம் ஏதாவது பார்த்தாயா என்று கேட்கிறான். டேமியன் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறான்: நீங்கள் ஏழையா? ஆமாம் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான், அவனுக்கு வேறு விசாரணையே கிடையாது. நிலைமையைப் புரிந்துகொண்ட ஆந்தனி, சில்லறைக் காசு போட்டு வைத்திருந்த ஜாடியைக் கொண்டுவந்து நீட்டுகிறான். இரண்டு பேரையும் காப்பாற்றியது அந்த ஜாடிதான். தம்பியின் நல்ல மனசு அந்த நிமிடத்தில் இருவரையும் குழியில் தள்ளியிருக்கும். இந்தக் காட்சியை மகனுக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள், தன் ஆளைப் படம் எவ்வளவு மதிக்கிறது என்பது தெரியும்.

ஆனால் அதே ஆந்தனி வேறொன்றும் செய்கிறான். யாராவது கடிந்துகொண்டாலோ ஏதாவது வேண்டியிருந்தாலோ, “எங்க அம்மா செத்துட்டாங்க” என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறான். கேட்டவர் பதறி ஏதாவது கொடுத்துவிடுகிறார். தம்பிக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கிறான். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை பார்க்கும்போது வரவில்லை. அம்மாவின் சாவை அவன் சில்லறையாக மாற்றிக்கொண்டிருக்கிறான், பவுண்டை யூரோவாக்குவது போல. டேமியனோ, சந்திக்கிற ஒவ்வொரு புனிதரிடமும் அங்கே செயின்ட் மொரீன் என்று ஒருவர் வந்திருக்கிறாரா என்று விசாரிக்கிறான். மொரீன் அவன் அம்மா. துக்கத்தை ஒருவன் விற்கிறான், ஒருவன் தேடிக்கொண்டு அலைகிறான். பணத்தை என்ன செய்வது என்று இருவரும் போடுகிற சண்டைக்கு அடியில் ஓடுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

(அசிசியின் புனித கிளாரா படத்தில் சிகரெட் பிடிப்பது மகளுக்குப் பிடித்திருக்குமே! அவர் தொலைக்காட்சியின் பாதுகாவலர் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது நிஜம். நோயில் படுத்திருந்தபோது, போகமுடியாத பூசையைத் தன் அறைச் சுவரிலேயே கண்டாராம்.)

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கண்டெடுத்த பொருளை வைத்துக்கொள்வது, உரியவரை நியாயமான முயற்சியில் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்திருந்தால், 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி திருட்டுதான். ஆனால் பத்து வயது நிரம்பாத பிள்ளையை அங்கே குற்றவாளியாக நிறுத்த முடியாது. மேலும், கடவுள் அனுப்பியது என்று நம்புகிறவன் எந்த ஸ்டேஷனுக்குப் போய் யாரிடம் ஒப்படைப்பான்? அது அழிக்கப்படுவதற்காக ரயிலில் போன பழைய நோட்டு, கொள்ளையர்கள் வழியில் தூக்கியெறிந்தது என்று தெரிய வரும்போதுதான் டேமியனுக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதுவரை ‘யாருக்குக் கொடுப்பது’ என்றிருந்த கேள்வி, அன்றிலிருந்து ‘யாருடையது’ என்றாகிவிடுகிறது.

எனக்கு இந்தப் படத்தில் வழுக்கி விழுகிறவர் அப்பாதான். விஷயம் தெரிந்ததும் அவர் முதலில் சொல்வது நீங்கள் சொன்னதைத்தான்: திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு வீட்டில் திருட்டு நடந்து, பிள்ளைகளின் கிறிஸ்துமஸே நாசமாகிக் கிடப்பதைப் பார்க்கிறார். உடனே மனசு மாறிவிடுகிறது, நாமே வைத்துக்கொள்வோம் என்கிறார். பேராசை என்று அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ‘எனக்கு அநியாயம் நடந்தது, ஆகவே இது எனக்குச் சேர வேண்டியது’ என்கிற கணக்கு அது. நல்ல மனிதர்கள் தவறு செய்யும்போது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். மகனோடு பேசுவதாக இருந்தால் இந்த இடத்தைப் பேசுங்கள்.

பாயில் 1994-இல் எடுத்த முதல் படமான ‘ஷாலோ கிரேவ்’ கதையும் இதேதான்: எடின்பரோவில் மூன்று நண்பர்கள், வாடகைக்கு வந்தவன் செத்துக் கிடக்கிறான், பக்கத்தில் பெட்டி நிறையப் பணம். அதில் மூவரும் பெரியவர்கள். பிணத்தைத் துண்டுபோட்டுப் புதைக்கிறார்கள், கடைசியில் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அதே பணப்பையைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டிவிடாதீர்கள்!

இனி கொளுத்துவது. அது எனக்கும் உறுத்தியது. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். நன்கொடை கேட்டு வாசலில் ஒரே கூட்டம், கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே அப்பாவும் அண்ணனும் மாற்றிய பணத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள், ஒருவரும் ஒருவரை நம்பவில்லை. டேமியன் கொளுத்துவது தர்மமே இல்லை, ஒரு சின்னப் பையனின் கையாலாகாத்தனம். அதை யாரும் மெச்சி மாலை போடவும் இல்லை. போதாக்குறைக்கு அந்த நோட்டுகள் போய்ச் சேர வேண்டிய இடமும் அழிவுதான். மாறாக, மிச்சமிருந்த பணத்தில் ஆப்பிரிக்காவில் கிணறு வெட்டுவதாக வரும் கனவு முடிவுதான் எனக்குத் தித்திப்புக் கூடிப்போனதாகப் பட்டது.

அதைவிட நல்ல இடம் புனித பேதுரு வருகிற காட்சி. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதையை அவர் வேறு மாதிரி சொல்கிறார். கூட்டத்தில் எல்லோரிடமும் சாப்பாடு இருந்ததாம், ஒளித்து வைத்திருந்தார்களாம். சின்னப் பையன் தன்னுடையதை எடுத்து நீட்டியதும், வெட்கப்பட்டு ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்களாம்.

மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். ரயில் பாதையில் நெருப்பின் முன்னால் அம்மா வருகிறாளே, அப்போது டேமியன் கேட்பது பணத்தைப் பற்றியல்ல. அவள் பதிலில் ஆந்தனியைப் பற்றியும் சில வார்த்தை வரும்: அவனுக்கு நல்ல மனசு, அது எங்கே இருக்கிறதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி. முதல் தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததில் அதை அவன் கவனித்திருக்க மாட்டான்.