மாஸ்டர்ஸ்லயும் ஸ்டுடியோ ப்ராஜெக்ட் தானா, அப்போ எதுக்குப் போகணும்?

ஆர்க்கிடெக்சர் டிகிரியில அத்தனை வருஷம் ஸ்டுடியோ (ஆசிரியர் வழிகாட்ட டிசைன் ப்ராஜெக்ட் பண்ற வகுப்பு) பண்ணியாச்சு, மாஸ்டர்ஸ்லயும் திரும்ப ஸ்டுடியோ தான்னா புதுசா என்ன கத்துக்கப் போறோம்னு கேட்டிருக்கீங்க. நான் ஆர்க்கிடெக்சரல் டிசைன்ல மாஸ்டர்ஸ் முடிச்சு இப்போ அப்பப்போ ஜூரிக்கும், அதாவது ஸ்டூடன்ட்ஸ் டிசைனைப் பார்த்து விமர்சனம் பண்ற குழுவுக்கும், போறேன். பேரு தான் ஒண்ணு, வேலை ரொம்பவே வேற.

டிகிரியில பிரீஃப், அதாவது என்ன டிசைன் பண்ணணும்ங்கற குறிப்பு, கைக்கு வந்துடும், லைப்ரரி, இந்த சைட், இத்தனை சதுர மீட்டர்னு. மாஸ்டர்ஸ்ல பெரும்பாலும் ஒரு தீம் மட்டும் தான் தருவாங்க, பழைய கட்டடத்தை இடிக்காம மாத்துறது, வெள்ளம் வர்ற கரையில குடியிருப்பு, இந்த மாதிரி. சைட் எது, யாருக்கு, அங்க ஏதாவது கட்டத்தான் வேணுமா, எல்லாம் நீங்களே கண்டுபிடிச்சு அதுக்குக் காரணமும் சொல்லணும்.

1968ல அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டில ஆர்க்கிடெக்ட்ஸ் ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் மூணு பேரும் நடத்தின ஸ்டுடியோவைப் பாருங்க. ஸ்டூடன்ட்ஸை லாஸ் வேகாஸ் கூட்டிட்டுப் போய் ரோடு, பார்க்கிங், விளம்பரப் பலகைன்னு அத்தனையும் அளந்து வரைய வச்சாங்க, ரோட்டுல போறவங்க கண்ணுக்குத் தெரியுற எழுத்தை எல்லாம் குறிச்சு ஒரு மேப்பே இருக்கு. அதுல இருந்து 1972ல வந்த புத்தகத்தை இன்னைக்கும் ஆர்க்கிடெக்சர் படிக்கறவங்க படிக்கறாங்க. அங்க யாரும் அழகான பில்டிங் கேக்கல, ஒரு ஊரைப் புரிஞ்சுக்கற வழியைத் தான் கேட்டாங்க.

ஆனா வரைஞ்சு வரைஞ்சு தான் யோசிக்கணும், அதை மறந்துடாதீங்க. உதாரணத்துக்கு ஒரு பழைய பலமாடி கார் பார்க்கிங்கை வீடுகளா மாத்தணும்னு எடுத்துக்கிட்டீங்கன்னு வைங்க, பிளான்ல பார்த்தா தாராளமா இடம் இருக்கற மாதிரி தான் தெரியும், 1:50 ஸ்கேல்ல, கட்டடத்தை மேலிருந்து கீழா வெட்டிப் பார்க்கற மாதிரி ஒரு செக்‌ஷன் போட்டதும் தான் சீலிங் எவ்வளவு தாழ்வு, ராம்ப் தளம் எவ்வளவு சாய்வுன்னு உறைக்கும். ஜன்னலோட மேல்விளிம்பு உயரத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும் தான் உருப்படியா பகல் வெளிச்சம் உள்ள வரும்ங்கறது பொதுவான கணக்கு, அப்போ முப்பது மீட்டர் அகல பில்டிங்கோட நடுப்பகுதி இருட்டு தான். நடுவுல ஸ்லாப்பை வெட்டி முற்றம் விடலாம், ஆனா வெட்டினா காங்கிரீட் கழிவு வருது, இடிக்காம இருக்கறதுக்குத் தானே இந்த ப்ராஜெக்டையே எடுத்தீங்க? இங்க தான் கேள்வியே மாறும். அந்த இருட்டுப் பகுதியை வெட்டாம துணி துவைக்க, சாமான் வைக்க, பட்டறை போடன்னு எல்லா வீடுகளுக்கும் பொதுவா விட்டா எப்படின்னு தோணும். இப்படி ஒரு ட்ராயிங் உங்க கேள்வியையே திருப்பிப் போடுற அந்த இடம் தான் மாஸ்டர்ஸ் ஸ்டுடியோ, எனக்கு அதுல இருக்கற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல.

அதனால டெஸ்க் கிரிட்டுக்கு, அதாவது ஆசிரியர் உங்க வேலையைப் பக்கத்துல உக்காந்து பார்த்துப் பேசறதுக்கு, முடிஞ்ச ஷீட் தூக்கிட்டுப் போக வேணாம், மாட்டிக்கிட்ட இடத்தைக் கொண்டு போங்க. ஜூரியில சைட் அனாலிசிஸை நீட்டி முழக்காம கேள்வியை முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க, நீங்க பேசும்போது வர்ற கமென்ட்ஸை ஃப்ரெண்டை விட்டு எழுதச் சொல்லுங்க, அந்த டென்ஷன்ல நமக்கு எதுவும் நிக்காது.

காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது ராங்கிங்கை விட ஸ்டுடியோவை யார் நடத்தறாங்க, போன வருஷம் ஸ்டூடன்ட்ஸ் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. லண்டன் ஏஏ (ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன்) ஸ்கூல்ல டிசைன் ரிசர்ச் லேப் மாதிரி கோர்ஸ்ல டீமா தான் வேலை செய்யணும், தனியா ஒரு டீசிஸை வளர்க்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு அது ஒத்து வராது.

இன்னொண்ணு, ஆர்க்கிடெக்ட் லைசென்ஸுக்கும் இந்தப் படிப்புக்கும் எல்லா இடத்துலயும் சம்பந்தம் இருக்காது. அமெரிக்கால மாஸ்டர்ஸ்ல ப்ரொஃபெஷனல் எம்.ஆர்க்குக்கு (மாஸ்டர் ஆஃப் ஆர்க்கிடெக்சர்) மட்டும் தான் நாப் (NAAB, ஆர்க்கிடெக்சர் படிப்புகளை அங்கீகரிக்கற அமைப்பு) அங்கீகாரம் உண்டு, ஏற்கனவே ப்ரொஃபெஷனல் டிகிரி முடிச்சவங்க படிக்கற போஸ்ட்-ப்ரொஃபெஷனல் டிகிரிக்குக் கிடையாது. படிச்ச நாட்டுலயே லைசென்ஸ் வாங்கற எண்ணம் இருந்தா அப்ளை பண்றதுக்கு முன்னாடியே இதை செக் பண்ணிடுங்க.